தாத்தா உயிலுக்கு வாங்கிய புரொபேட் எங்கே இருக்கும்? தேடி நகலெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் தரும் குறைப்பட்டியலில் அநேகமாக இந்த ஒரு வரி இருக்கும்: "புரொபேட் நகல் தேவை." அதாவது, உயிலை ஆராய்ந்து கோர்ட் முத்திரையிட்டுக் கொடுத்த ஆவணத்தின் நகல். வீட்டில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில். "உயிலை அப்பவே கோர்ட்டுல போட்டாங்களே" என்பார் அத்தை. "ரிஜிஸ்டர் ஆன உயில்தானே, அது போதாதா?" என்பார் சித்தப்பா. பீரோவைக் குடைந்தால் ஓரம் செல்லரித்த ஜெராக்ஸ் ஒன்று கிடைக்கும்; முத்திரை பாதி, வழக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தேடலில் பாதி வேலை வீட்டிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் முடிந்துவிடும். அதை முடிக்காமல் நேரே ஐகோர்ட் வாசலில் போய் நின்றதுதான் நான் செய்த முதல் தவறு.

முதல் படி: புரொபேட் உண்மையிலேயே வாங்கினார்களா?

உயிலைப் பதிவு செய்வது வேறு, புரொபேட் வாங்குவது வேறு. பதிவு என்பது சார்பதிவாளர் முன் நடப்பது. அதுவும் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயிலும் செல்லும். புரொபேட் என்பது எழுதியவர் இறந்தபின் நீதிமன்றம் அந்த உயிலை ஆராய்ந்து, அதன் நகலில் தன் முத்திரையை வைத்து, உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரிடம் கொடுப்பது. அப்படி யாரையும் உயிலில் நியமிக்காமல் விட்டிருந்தால் கிடைப்பது புரொபேட் அல்ல, ‘உயில் இணைத்த நிர்வாகப் பத்திரம்’. கோர்ட் ஆட்கள் அதை எல்.ஓ.ஏ. என்பார்கள். இரண்டுக்கும் ஆவணம் ஒரே இடத்தில்தான் இருக்கும், தேடும் வழியும் ஒன்றே.

எல்லா உயிலும் கோர்ட்டுக்குப் போனதில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 213-ஆம் பிரிவில் புரொபேட்டைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் இந்துக்களைப் பொறுத்தவரை அந்தக் கட்டாயம் மூன்று பழைய மாகாணத் தலைநகரங்களைச் சுற்றியே இருந்தது. நம் பக்கத்தில் அதற்கு இரண்டு நிலைதான்: உயில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் எல்லைக்குள் (வழக்கை அந்த நீதிமன்றமே நேரடியாக முதலில் விசாரிக்கும் பகுதிக்குள்) எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது எங்கே எழுதியிருந்தாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனையைப் பற்றியதாக இருக்க வேண்டும். இதன் தொடக்கம் 1870 செப்டம்பர் 1. அதனால் கொள்ளுத்தாத்தா காலத்து மெட்ராஸ் உயில்களுக்கும் புரொபேட் இருக்க வாய்ப்பு உண்டு.

மன்னார்குடியில் எழுதி, மன்னார்குடி நிலத்தை மட்டும் சொல்லும் இந்து உயிலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உயிலைக் காட்டியே பட்டா மாற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் புரொபேட்டைத் தேடுவது இல்லாத கிணற்றில் வாளி விடுவதுதான். முஸ்லிம்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் வந்த திருத்தம்தான் விலக்குக் கொடுத்தது. ஆகவே அதற்கு முந்தைய காலத்துப் பாளையங்கோட்டை, வேலூர், தஞ்சாவூர் கிறிஸ்தவக் குடும்பங்களின் உயில்கள் மாவட்ட நீதிமன்றங்களில் கிடைக்கக்கூடும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. "அப்படியென்றால் எதற்கு இந்த அலைச்சல்?" என்று கேட்கலாம். ஒரு முறை புரொபேட் வாங்கிய சொத்துக்கு அந்த உத்தரவுதான் உரிமைச் சங்கிலியின் ஒரு கண்ணி. சட்டம் மாறினாலும் அந்தக் கண்ணியைக் காட்டச் சொல்லி வக்கீல் கேட்கத்தான் செய்வார். நிலத்துக்காக இல்லாமல் குடும்ப வரலாற்றுக்காகத் தேடுபவர்களுக்கோ, இந்தக் கோர்ட் ஆவணக் கட்டுகளைப் போன்ற புதையல் வேறெங்கும் இல்லை.

"அசல் உயிலைக் காணோம்" என்று பதறுபவர்களுக்கு ஒரு செய்தி. புரொபேட் வழங்கப்பட்டிருந்தால் அசல் வீட்டில் இருக்காது. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு, அசல் உயில் நீதிமன்ற ஆவணங்களோடு பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது, ‘உயில்களுக்கென்று ஒரு பொதுப் பதிவகம் ஏற்படும்வரை’ என்ற வாசகத்தோடு. 1925-இல் எழுதிய அந்தப் பதிவகத்தைத் தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். அசல் கோர்ட் ஆவண அறையில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: எண்ணை வீட்டிலேயே பிடிப்பது

வழக்கு எண்ணும் ஆண்டும் கையில் இருந்தால் மற்றதெல்லாம் எளிது. அந்த எண் பெரும்பாலும் கோர்ட்டில் கிடைப்பதைவிடப் பிற்காலப் பத்திரங்களில் சுலபமாகக் கிடைக்கும். புரொபேட் வாங்கியபின் அந்தச் சொத்தில் ஒரு கிரயமோ, பாகப்பிரிவினையோ, அடமானமோ, செட்டில்மென்டோ நடந்திருந்தால், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியில் எழுத்தர் எழுதியிருப்பார்: "மேற்படியார் எழுதிய உயிலின்படிக்குச் சென்னை ஐகோர்ட்டில் இன்ன வருஷத்து இன்ன நம்பர் ஓ.பி.யில் புரொபேட் பெற்று…" என்று. (ஓ.பி. என்பது ‘ஒரிஜினல் பெட்டிஷன்’ என்ற மனு வகை.) ஒரு வரிதான். ஆனால் வாரக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும் வரி.

எனவே முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தோ, ஆவண எண் கொடுத்தோ பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகள் இணையத்தில் தெரியும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். தாத்தா இறந்தபின் அந்தச் சொத்தில் நடந்த முதல் பதிவு எது என்று கண்டுபிடித்து, அந்தப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. வில்லங்கத்தில் உயில் வராது. வில்லங்கம் பார்ப்பது அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான 1-ஆம் புத்தகம். உயில்கள் ஏறுவது 3-ஆம் புத்தகம். "ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) இல்லை, அதனால் உயிலே இல்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பத்திரம் கைகொடுக்கவில்லையென்றால் வேறு காகிதங்களைப் புரட்டுங்கள். மாநகராட்சி வரிப் பெயர் மாற்றம், பழைய வங்கிக் கடிதம், கம்பெனிப் பங்குகளை மாற்றிய கடிதம் எல்லாவற்றிலும் புரொபேட் எண் ஒளிந்திருக்கலாம். அந்தக் காலத்தில் எந்த வக்கீலிடம் போனார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர் இல்லாவிட்டாலும் அவருடைய ஜூனியர் இருக்கலாம், குமாஸ்தா இருக்கலாம். குமாஸ்தாவின் ஞாபகம் பல நேரம் கணினியைவிடக் கூர்மை.

மூன்றாம் படி: எந்தக் கோர்ட்?

அமெரிக்காவில் உள்ளது போல் ‘புரொபேட் கோர்ட்’ என்று தனிப் பலகை மாட்டிய நீதிமன்றம் நமக்குக் கிடையாது. சென்னை எல்லைக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடு, அதாவது வழக்கை நேரடியாக முதலில் விசாரிக்கும் பிரிவு. வெளியே என்றால் மாவட்டத் தலைமை நீதிமன்றம், அதாவது முதன்மை மாவட்ட நீதிபதி. இறந்தவர் கடைசியாகக் குடியிருந்த இடமோ, சொத்தின் ஒரு பகுதியாவது இருக்கும் இடமோ எந்த மாவட்டமோ, அங்கே மனுப் போட்டிருப்பார்கள். வீடு கும்பகோணத்தில், மனை சென்னையில் என்றால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்கள் ஐகோர்ட்டுக்குப் போகவே வாய்ப்பு அதிகம்.

சென்னையில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஐகோர்ட் வளாகத்திலேயே சிட்டி சிவில் கோர்ட்டும் இருக்கிறது. 1892-இல் அதை உருவாக்கிய சட்டமே உயில் விவகாரங்களை அதன் அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே மெட்ராஸ் புரொபேட்டை அங்கே கேட்டால், "எதிர்ப் பக்கம் போங்க" என்றுதான் பதில் வரும். 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளைக்கும் ஒரிஜினல் சைடு கிடையாது. மதுரைக்காரர் ஒருவரின் புரொபேட் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும், இல்லை சென்னையில் இருக்கும், கிளையில் இருக்காது.

மாநகராட்சியின் இன்றைய எல்லையை வைத்து ஐகோர்ட்டின் பழைய எல்லையைக் கணக்குப் போடக் கூடாது. தாம்பரத்தில் வாழ்ந்து, தாம்பரத்தில் வீடு வைத்திருந்த ஒருவர் 1970-களில் இறந்திருந்தால், தேட வேண்டிய ஊர் செங்கல்பட்டு.

மாவட்டங்கள் பிரிந்த கதையையும் நினைவில் வையுங்கள். ஆவணத்தைத் தேட வேண்டியது வழக்கு நடந்த காலத்து மாவட்டத் தலைநகரில். ஈரோடு 1979-இல்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. திண்டுக்கல் மதுரையிலிருந்து 1985-இல். தூத்துக்குடி திருநெல்வேலியிலிருந்து 1986-இல். கரூர் திருச்சியிலிருந்து 1995-இல். நாமக்கல் சேலத்திலிருந்து 1997-இல். திருப்பூர் கோவை, ஈரோட்டிலிருந்து 2009-இல். புதிய நீதிமன்றம் வந்தபோது பழைய கட்டுகள் அனைத்தும் கூடவே போயிருக்கும் என்று நம்பிவிடாமல், தாய் மாவட்டத்தில் முதலில் கேளுங்கள்.

நான்காம் படி: இணையத்தில் தேடுவது

‘இ-கோர்ட்ஸ்’ தளத்தில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு பக்கம், உயர் நீதிமன்றங்களுக்கு இன்னொரு பக்கம். பெயர், ஆண்டு, வழக்கு எண், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண் எதை வைத்தும் தேடலாம். ‘முடிந்த வழக்கு’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் நடப்பு வழக்குகள் மட்டுமே வரும்.

நான் இரண்டு நாள் தாத்தாவின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. புரொபேட் மனுவில் மனுதாரர் இறந்தவர் அல்ல, உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர். எங்கள் விஷயத்தில் பெரியப்பா. இறந்தவரின் பெயர் மனுவின் தலைப்பில், "இன்னாரின் உயில் பொருட்டு" என்று வரும். அந்த வரி தேடும் கட்டத்துக்குள் ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்ப்பே இல்லாத மனுவில் எதிர்மனுதாரரே இல்லாமலும் போகலாம். ஆக, முதலில் தேட வேண்டியது மூத்த மகன், மனைவி, மருமகன், குடும்ப நண்பர் என்று உயிலைக் கையில் வைத்திருந்திருக்கக்கூடியவரின் பெயரை.

ஆண்டையும் விரித்துத் தேடுங்கள். இறந்த மறுவருடமே மனுப் போட்டார்கள் என்று கட்டாயமில்லை. வீட்டை விற்கும் தேவை வரும்வரை உயிலைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் நிறைய.

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. ஐகோர்ட்டின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் உயிலோடு மொழிபெயர்ப்பு இணைத்திருப்பார்கள். காமாட்சி ஒரு இடத்தில் ‘க்ஷி’ ஒலியோடும் இன்னொரு இடத்தில் ‘ட்சி’ ஒலியோடும் இருப்பாள். முதலியார் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். அம்மாள் சில இடத்தில் பெயரோடு ஒட்டியும் சில இடத்தில் விட்டும் நிற்கும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதும் நிச்சயமில்லை. அதனால் முழுப் பெயரைப் போடாமல், மாறாத நடுப்பகுதி மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.

வழக்கு வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐகோர்ட்டில் புரொபேட் மனு ‘ஓ.பி.’ என்று தொடங்கும். யாராவது கேவியட் (எதிர்ப்பு மனு) போட்டு, "உயில் பொய்" என்று சண்டைக்கு வந்தால் அது வழக்காக மாறி ‘டி.ஓ.எஸ்.’ (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட்) என்று புது எண் வாங்கும். பழைய ஓ.பி. எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் கதை பாதியில் நின்ற மாதிரி இருக்கும். உண்மையில் அது வேறு எண்ணில் தொடர்ந்திருக்கும்.

கணினிக்கு முந்தைய வழக்குகள் இந்தத் தளத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவற்றுக்கு ஆண்டுவாரியான பதிவேடுகள்தான். எண் தெரியாதென்றால் மனுதாரர் பெயர், இறந்தவர் பெயர், இறந்த தேதி, தேட வேண்டிய ஆண்டுகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். "1950 முதல் 1980 வரை" என்று எழுதினால் எழுத்தர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளாகச் சுருக்கிக்கொண்டு போங்கள். இரண்டாம் படியில் பட்ட சிரமம் இங்கேதான் பலன் கொடுக்கும்.

ஐந்தாம் படி: நகல் மனு

எண் கிடைத்ததும் நகல் மனு. அந்த வழக்கில் நீங்கள் கட்சிக்காரர் என்றால் நேரடியாகப் போடலாம். இறந்த கட்சிக்காரரின் பிள்ளையோ பேரனோ என்றால் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் இணையுங்கள். சொத்தை வாங்கியவர் போன்ற வெளி ஆள், கோர்ட் மொழியில் ‘மூன்றாம் நபர்’, எதற்காக நகல் வேண்டும் என்று விளக்கிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால்தான் நகல். "வீட்டின் உரிமையைச் சரிபார்க்க" என்று பொதுவாக எழுதாமல், கிரயப் பத்திர நகலைச் சேர்த்து, சொத்து விவரத்தோடு எழுதினால் கேள்விகள் குறையும்.

ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில், நீதிமன்றக் கட்டில் உள்ள ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிப்படிதான் பெற வேண்டும் என்று தீர்த்துவிட்டது. தகவல் சட்டம் அங்கே குறுக்கு வழி ஆகாது.

என்ன கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். "புரொபேட் நகல்" என்று மட்டும் எழுதினால் உயிலும் உத்தரவும் வரும். விற்பனைக்கு அது போதும். ஆனால் அதே கட்டில் மூல மனு இருக்கிறது: இறந்த தேதி, இடம், உயிலின் விவரம், நெருங்கிய உறவினர்களின் பெயர், முகவரி. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் பிரமாண வாக்குமூலம் இருக்கும். நீதிமன்றக் கட்டணம் கணக்கிடுவதற்காகக் கொடுத்த சொத்துப் பட்டியல் இருக்கும்: வீடு, நகை, பாத்திரம், வங்கி இருப்பு, பங்குகள். எதிர்ப்பக்கத்தில் கடன் பட்டியல், ஈமச்செலவு உட்பட.

இவற்றுக்கு மேல், புரொபேட் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்துக் கணக்கெடுப்பும் ஒரு வருடத்துக்குள் வரவுசெலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாரும் செய்வதில்லை. செய்திருந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு வருட வாழ்க்கை அதில் இருக்கும்: யாருக்கு எவ்வளவு வாடகை பாக்கி, எந்த அத்தைக்கு எந்தத் தேதியில் எந்த வளையல் கொடுத்தார்கள் என்பது வரை. குடும்ப வரலாறு எழுதுபவர்கள் மனுவிலேயே இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மூல மனு, சாட்சி வாக்குமூலம், சொத்துப் பட்டியல், 317-ஆம் பிரிவுக் கணக்கு.

கோர்ட்டில் இல்லையென்றால்

பதிவு செய்த உயிலா என்று சார்பதிவாளரிடம் விசாரியுங்கள். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல். அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் கொடுக்கலாம் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. இறப்புச் சான்றோடு போங்கள். 3-ஆம் புத்தகத்தை நீங்களே புரட்ட முடியாது. பதிவு அலுவலர்தான் தேடிக் கொடுப்பார்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, மூடிய உறை. உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த விவரம் ஏறுவது 5-ஆம் புத்தகம். ஒப்படைத்தவர் இறந்தபின் விண்ணப்பித்தால் விண்ணப்பதாரர் முன்னிலையில் உறையைப் பிரித்து 3-ஆம் புத்தகத்தில் நகலெடுப்பார்கள். இது சார்பதிவாளரிடம் அல்ல, மாவட்டப் பதிவாளரிடம் என்பதைக் கவனியுங்கள்.

மலாயாவிலோ பர்மாவிலோ லேவாதேவி செய்த செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு உயில் அங்கேயே மெய்ப்பிக்கப்பட்டிருக்கலாம். வெளிநாட்டு நீதிமன்றம் ஏற்ற உயிலின் சான்றிட்ட நகலை வைத்து இங்கே நிர்வாகப் பத்திரம் வாங்க வாரிசுரிமைச் சட்டத்தின் 228-ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்படி வாங்கியிருந்தால் இங்குள்ள கட்டிலேயே அந்த வெளிநாட்டு நகலும் இருக்கும்; பினாங்கு வரை போக வேண்டியதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மெட்ராஸ் என்றால் ஆவணத்தை லண்டனில் தேட வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மூன்று மாகாணங்களின் உயில்களும் சொத்துப் பட்டியல்களும் இருக்கின்றன. ‘ஃபைண்ட்மைபாஸ்ட்’ என்ற கட்டணத் தளத்தில் அவற்றைப் பெயர் போட்டுத் தேடலாம். பெரும்பாலும் ஐரோப்பியர்களின் உயில்கள்தான். ஆனால் அவர்களிடம் வேலை செய்த துபாஷிகள் (மொழிபெயர்ப்பாளர்கள்), சமையல்காரர்கள், ஆயாக்களுக்கு எழுதிவைத்த தொகைகளும் அவற்றில் வரும்.

நகல் கைக்கு வந்ததும்

கவுன்டரை விட்டு நகராமல் அங்கேயே நின்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நீதிமன்ற முத்திரை இருக்கிறதா, உயில் முழுவதும் இணைந்திருக்கிறதா, உயிலின் பின்பக்கத்தில் எழுதிய சேர்க்கை ஏதும் விடுபட்டதா, வழங்கிய தேதி தெளிவாகத் தெரிகிறதா. சொத்து அட்டவணையில் கதவு எண் பழையதாக இருந்தால் புதிய எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டும் வரி ரசீதை அன்றே எடுத்து வையுங்கள். வாங்குபவரின் வக்கீல் அடுத்துக் கேட்கப் போவது அதைத்தான். சான்றிட்ட நகலாகவே இரண்டு பிரதி கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று வாங்கினோம். அதை வங்கியில் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பத்திரப்பதிவுக்கு மறுபடி முதலிலிருந்து மனுப் போட்டோம்.